சொந்த புத்தி இல்லாத விமானம்

பழகுவதற்கென்று செய்யும் மாடல் விமானத்துக்குச் சொந்த புத்தி உண்டு. இறக்கைகள் இரண்டும் நுனியில் சற்று மேலே தூக்கியிருக்கும். அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் மட்டும் வளைவு. இறக்கை உடம்பின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். ரேடியோவின் குச்சிகளிலிருந்து கையை எடுத்துவிட்டாலும், சாய்ந்தது தானே நிமிர்ந்து ஒருமாதிரி நேராகப் போகும். வண்டிக்காரன் தூங்கினாலும் மாடு வீடு வந்து சேர்வதைப் போல. சாகசம் செய்யும் விமானத்துக்கு இந்தப் புத்தியே இருக்கக் கூடாது. எது மேல், எது கீழ் என்று அதற்குத் தெரியக் கூடாது. எந்தக் கோணத்தில் விட்டோமோ அந்தக் கோணத்திலேயே போய்க்கொண்டிருக்க வேண்டும். மண்ணைப் பார்த்து விட்டால் மண்ணுக்குத்தான் போகும்.

அப்படிப்பட்ட ஒன்றை வாங்குவது சுலபம். செய்வது வேறு. விமானம் எந்தப் பக்கமும் இழுக்காமல் இருப்பது, ஓட்டுகிறவரின் விரலில் வருவதைவிட, பசை காயும்வரை பலகையில் என்ன நடந்தது என்பதில்தான் அதிகம் வருகிறது. எனக்கு இதைப் புரியவைத்தவர் விமானமே ஓட்டாத ஒருவர்: கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த என் தாய்மாமா.

நான் இந்தப் பக்கம் வந்தது என்.சி.சி. விமானப் பிரிவு வழியாக. அங்கே ரேடியோ கிடையாது, கண்ட்ரோல் லைன்தான். ஐம்பது அறுபது அடி நீளத்தில் இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள். அவற்றின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பவர் சுற்ற, விமானம் அவரை வட்டமடிக்கும். என்ஜின் கல்கத்தாவில் செய்த அரோரா டீசல். பெயர்தான் டீசலே தவிர, பங்க்கில் போடும் டீசலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறக்குறையச் சமபங்கு. மேலே ஒரு திருகு இருக்கும். அதை இறுக்கினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். ஈதர் வாடை சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. அந்தச் சட்டையோடு அம்மா என்னைத் துவைக்கிற கல்லைத் தாண்டி வீட்டுக்குள் விட்டதில்லை.

வட்டமடித்தது போதும் என்று தோன்றிய காலத்தில், உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் ‘ஏரோமாடலர்’ என்ற ஆங்கிலேயப் பத்திரிகையின் பழைய இதழ்கள் கிடைக்க ஆரம்பித்தன. சிலவற்றின் உள்ளே மடித்து வைத்த முழு அளவு வரைபடம் அப்படியே இருக்கும். கடைக்காரருக்கு அது வெறும் தாள். இதழை எடை போட்டுத்தான் கொடுத்தார். அமெரிக்க இதழ்களும் எப்போதாவது வரும். பில் கிராஃப்ட் என்ற பெயரை அப்படித்தான் அறிந்தேன். 1967-இல் கார்சிகாவில் நடந்த ரேடியோ சாகச விமான உலகப் போட்டியில் ‘க்விக் ஃப்ளை’ என்ற தன் சொந்த விமானத்தோடு வென்றவர். ‘அக்லி ஸ்டிக்’ என்று ஒன்றையும் வரைந்தார். பேர் பொய்யில்லை. பெட்டி போன்ற உடம்பு, பலகை போன்ற இறக்கை. எனக்கு அதன்மேல் இன்றுவரை காதல் உண்டு. அசல் விமானத்தைப் பார்த்து அச்சாகச் செய்யும் ஸ்கேல் மாடல்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம். கண்ணாடி ஜன்னலுக்குள் பொம்மை விமானியை உட்கார வைப்பதற்கு ஆகும் எடையை நான் இறக்கைக்குக் கொடுப்பேன்.

எங்களோடு பறக்கவிட்ட மூத்தவர் ஒருவர் அந்தப் பெட்டி உடம்பை வைத்து, சிறிய என்ஜினுக்கு ஏற்றபடி எனக்கு மறுபடி வரைந்து கொடுத்தார். இறக்கையை உச்சியிலிருந்து உடம்பின் நடுவுக்கு இறக்கினார். இறக்கையின் வெட்டுமுகத்துக்கு நாகா 0015 என்று எழுதினார். அமெரிக்க விமான ஆய்வுக் குழு கொடுத்த எண் அது. முதல் இரண்டு சுழிகளும் வளைவு எந்தப் பக்கமும் இல்லை என்பதைச் சொல்கின்றன. 15 என்பது இறக்கையின் முன்பின் அகலத்தில் 15 விழுக்காடு தடிமன். மேலும் கீழும் ஒரே கோடு. நிமிர்ந்து பறந்தாலும் கவிழ்ந்து பறந்தாலும் காற்றுக்கு ஒரே இறக்கைதான் தெரியும்.

என்ஜின் 2.5 சிசி. போட்டிக்காரர்கள் அப்போது வைத்திருந்தது 10 சிசி. அதற்கு வேண்டிய பால்சா மரத்தையும் எரிபொருளையும் வாங்க எங்களால் முடியாது. சிறியது என்றால் எளியது என்றுதான் முதலில் நினைப்போம். கணக்குப் போட்டால் தெரியும். ரேடியோ கட்டளைக்கு ஏற்ப விமானத்தின் பாகங்களை அசைக்கும் செர்வோ அந்தக் காலத்தில் ஒன்று 45 கிராம். மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், இடவலம் திருப்பும் ரட்டர், சாய்க்கும் அய்லரான், என்ஜின் வேகத்துக்கு த்ராட்டில், நான்குக்கும் நான்கு: 180 கிராம். பேட்டரி 100, ரிசீவர் 40, என்ஜினும் சைலன்சரும் 170. சக்கரம், கம்பி, டேங்க், ப்ரொப்பெல்லர் எல்லாம் சேர்த்து இன்னொரு 100. ஆக மரத்தைத் தொடுவதற்கு முன்பே 590 கிராம். இறக்கை 40 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 320 சதுர அங்குலம். அது சாகசம் செய்ய வேண்டுமானால் மொத்த எடை 900 கிராமைத் தாண்டக் கூடாது. மீதி 310 கிராமுக்குள் உடம்பு, இறக்கை, வால், பசை, மேலுறை எல்லாம் அடங்க வேண்டும். பெரிய விமானத்தில் எங்கோ 50 கிராம் கூடினால் யாருக்கும் தெரியாது. இதில் செங்குத்தாக வட்டமடிக்கும் லூப்பின் உச்சியில் தெரிந்துவிடும். இன்றைக்கு 9 கிராம் செர்வோ கிடைக்கிறது. இப்போது செய்கிற பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், தாத்தா காலத்து விலைவாசி கேட்பதுபோலச் சிரிக்கிறார்கள்.

பால்சா தென்னமெரிக்க மரம், பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருவது. ஒரே மரத்தின் பலகைகளே ஒன்றுக்கொன்று இரு மடங்கு எடை வேறுபடும். அதனால் பலகை எண்ணிக்கை சொல்லி வாங்கக் கூடாது. தராசோடு போக வேண்டும். லேசானது இறக்கைக்கு உருவம் கொடுக்கும் குறுக்குச் சட்டமான ரிப்புக்கும் வாலுக்கும், கனமானது உடம்பின் பக்கப் பலகைக்கு. கையில் வைத்து வளைத்தால், சிலது குறுக்கே சுருண்டு கொடுக்கும், சிலது கொடுக்காமல் முறியும். சுருளாதது ரிப்புக்கு நல்லது, சுருள்வது இறக்கையின் முன்பக்க வளைவைப் போர்த்த நல்லது. தஞ்சாவூர் நெட்டி வேலையைப் பார்த்துவிட்டு, பால்சாவுக்குப் பதில் நெட்டியைப் போட்டால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். எடையில் பால்சா தோற்றுப்போகும். ஆனால் நெட்டிக்கு நரம்பு இல்லை. கோயில் கோபுரம் செய்யலாம், கோபுரம் லூப் அடிக்கப் போவதில்லை. இறக்கைக்குள் முனையிலிருந்து முனைவரை ஓடும் ஸ்பார் மட்டும் பால்சா அல்ல, பைன். மில்களுக்கு வெளிநாட்டு இயந்திரம் வந்திறங்கிய பெட்டிகளின் பலகையை மாமா எங்கிருந்தோ கொண்டுவருவார். முடிச்சில்லாத பகுதியைப் பார்த்து, 3 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் என்று கீற்றாக அறுத்துக்கொள்வோம்.

மற்ற சாமான்களும் இப்படித்தான் சேர்ந்தன. செர்வோவிலிருந்து வாலுக்குப் போகும் கம்பிக்கு சைக்கிள் ஸ்போக்ஸ். ஒரு முனையில் மரை ஏற்கெனவே இருக்கும், நீளத்தைத் திருகியே சரிசெய்யலாம். ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம். என்ஜினைத் தாங்கும் முன்சுவருக்கு ப்ளைவுட்டும் அரால்டைட்டும். மற்ற இடமெல்லாம் ஃபெவிகால்.

ரிப் வெட்டுவது எல்லாருக்கும் தெரிந்த முறைதான். ப்ளைவுட்டில் இரண்டு அச்சு, நடுவே பால்சாத் துண்டுகளை அடுக்கி போல்ட்டால் இறுக்கி, மொத்தமாக உப்புத்தாளில் தேய்த்தால் எல்லாம் ஒரே உருவம். சிக்கல் அதற்குப் பிறகுதான். 0015 இறக்கையில் தட்டையான இடமே இல்லை. பலகையில் வைத்தால் ஆடும். பழகுவிமானத்தின் இறக்கை தட்டையான அடியில் தானாக உட்கார்ந்துகொள்ளும், கோணல் வர வழியில்லை. இதில் ஒவ்வொரு ரிப்புக்கும் அடியில் ஒரு கால் விட்டு வெட்டி, அந்தக் கால்களில் நிறுத்தித்தான் ஒட்ட வேண்டும். முடிந்தபின் கால்களை ஒடித்துவிடலாம். இறக்கையை ஒட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தபோதுதான் மாமா எட்டிப் பார்த்தார்.

“நேரா இருக்குதுன்னு எப்படித் தெரியும் மாப்ள?”

“பலகை நேரா இருக்குதுங்க மாமா.”

“பலகை நேரா இருக்குதுன்னு யாரு சொன்னா?”

பதில் இல்லை. பம்ப்செட் ஷாஃப்ட்டில் நூறில் இரண்டு மில்லிமீட்டருக்குத் தகராறு பண்ணுகிற ஆள். மறுநாள் எல்லாவற்றையும் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அங்கே துல்லியமாக மட்டம் செய்த வார்ப்பிரும்பு சர்ஃபேஸ் பிளேட் ஒன்று உண்டு. அதன்மேல் யாராவது டீ டம்ளர் வைத்தால் அன்று முழுக்கத் திட்டு விழும். அதன்மேல் என் விமானத்தின் உடம்பை வி-பிளாக்கில் நிறுத்தி, உயரம் அளக்கும் ஹைட் கேஜை எடுத்தார். இறக்கையின் முன்விளிம்பைத் தொட்டார். பால்சா அமுங்கியது.

“தொட்டாலே உள்ள போகுது. இத எப்படிடா அளக்கறது?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குண்டூசி கேட்டார். இறக்கையின் முன்விளிம்பு நடுவில் ஒன்று, பின்விளிம்பு நடுவில் ஒன்று, வாலிலும் அதேபோல. மரத்தைத் தொடாமல் குண்டூசித் தலைகளை அளந்தார். முன் ஊசிக்கும் பின் ஊசிக்கும் உயர வேறுபாடு இருக்கக் கூடாது. இறக்கையில் வருவதுதான் வாலிலும் வர வேண்டும். அது பூஜ்யம், இதுவும் பூஜ்யம் என்பதே சாகச விமானத்தின் அடிப்படை. இறக்கை மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒட்டியிருந்தால், நிமிர்ந்து பறக்கையில் மேலே ஏறப் பார்க்கும், கவிழ்ந்து பறக்கையில் கீழே இறங்கப் பார்க்கும். இடது நுனி வலது நுனியைவிட முறுக்கியிருந்தால் ஒவ்வொரு லூப்பும் திருகிக்கொண்டே வெளியே வரும். வால் அரை மில்லிமீட்டர் தூக்கலாக இருந்தது. மாமா உப்புத்தாளைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, வால் உட்காரும் இடத்தைத் தானே தேய்த்தார். தேய்ப்பார், அளப்பார், மறுபடி தேய்ப்பார். வாடிக்கையாளர் இருவர் காத்திருந்ததாக நினைவு.

ஒரே ஒரு கோணல் மட்டும் வேண்டுமென்றே வைப்பது உண்டு. ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்று உடம்பைச் சுற்றித் திருகிக்கொண்டு போய் வாலின் ஒரு பக்கத்தை அடிக்கும். விமானம் இடது பக்கம் இழுக்கும். அதற்காக என்ஜினை இரண்டு டிகிரி வலதுபுறம் திருப்பி மாட்டுவோம், மவுண்டுக்கு அடியில் வாஷர் கொடுத்து. இவ்வளவு நேரம் பூஜ்யத்துக்குப் பாடுபட்டுவிட்டு இதைக் கோணலாக மாட்டச் சொன்னது மாமாவுக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டார், சொன்னேன். “சரி, ஆனா ரெண்டுன்னா ரெண்டு” என்று கோணமானியைக் கொண்டுவந்தார்.

என்ஜினிலும் இப்படி ஒன்று நடந்தது. நாங்கள் டீசலிலிருந்து குளோ பிளக்குக்கு மாறியிருந்தோம். குளோ என்ஜினில் தீப்பொறி கிடையாது. பிளக்கில் ஒரு பிளாட்டினச் சுருள், 1.5 வோல்ட் பேட்டரி வைத்துச் சிவக்கவைத்து என்ஜினைக் கிளப்பியதும் பேட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனாலும் பிளாட்டினமும் சேர்ந்தால் சுருள் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் 1947-இல் கொண்டுவந்த யோசனை. அதன் பிறகு, தீப்பொறி வைத்து ஓடிய சின்ன என்ஜின்கள் காயில், பேட்டரிச் சுமையிலிருந்து விடுபட்டன. புது என்ஜினைக் கையால் சுற்றினால் பிஸ்டன் உச்சியில் இறுகி நின்றது. மாமா அதைக் கழற்றி, சிலிண்டரின் உள்ளுறையான லைனரின் உள்விட்டத்தை அளந்துவிட்டு முகம் சுளித்தார்.

“மேல குறுகலு, கீழ அகலம். எவன்டா இத ஹோன் பண்ணுனவன்? கோணலாப் பண்ணிப்போட்டு வித்திருக்கறான்.”

பழுது அல்ல, வேண்டுமென்றே செய்தது என்று நம்பவைக்க நேரமானது. ஏபிசி என்ற வகை அது: அலுமினியப் பிஸ்டன், உள்ளே குரோமியம் ஏற்றிய பித்தளை லைனர், ரிங் கிடையாது. ஓடும்போது எரிகிற மேல்பகுதிதான் அதிகம் சூடாகும், பித்தளை அங்கேதான் அதிகம் விரியும். ஆறியிருக்கையில் குறுகலாக இருந்தால்தான் சூட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டமாகும். மாமா லைனரைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். வாழ்நாள் முழுக்க சிலிண்டரை நேராக்கியே சம்பாதித்தவர். “சூட்டுல நேராகறதுக்கு ஆறயில கோணலா வெச்சிருக்கறான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, துடைத்து மாட்டிக் கொடுத்தார். அதன் பிறகு அந்த என்ஜினை அவர் ‘சீமைக்காரன்’ என்றுதான் சொல்வார்.

எரிபொருள் நூற்றுக்கு 80 மெத்தனால், 20 விளக்கெண்ணெய். என்ஜின் ஆயிலைப் போட முடியாது. அது மெத்தனாலில் கரையாது, விளக்கெண்ணெய் கரையும். மேலும் எரியும் சூட்டிலும் உலோகத்தை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொள்ளும். மளிகைக் கடைக் கறுப்பு எண்ணெய் கரி பிடிக்கும் என்பதால் மருந்துக் கடையில் கிடைக்கும் தெளிந்த எண்ணெய்தான். கடைக்காரர் லிட்டர் கணக்கில் வாங்குவதைப் பார்த்து, வீட்டில் யாருக்கு வயிறு சரியில்லை என்று விசாரிப்பார். மெத்தனால் விஷயம் அவ்வளவு சிரிப்பானதல்ல. குடித்தால் கண் போகும், உயிரும் போகும். தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி அதை வைத்திருக்க உரிமம் வேண்டும். எங்கள் குழுவில் ரசாயனத் தொழில் செய்த ஒருவர் உரிமம் வைத்திருந்தார். அவர் இல்லாத மாதங்களில் நாங்கள் டீசலுக்கே திரும்பிவிடுவோம்.

மேலுறை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டுகிற பிளாஸ்டிக் ஃபிலிம். மேலே மஞ்சள், கீழே கறுப்பு வெள்ளைப் பட்டை. அழகுக்காக அல்ல. 40 அங்குல இறக்கை நூறு மீட்டர் போனதும் சிட்டுக்குருவி அளவாகிவிடும். கவிழ்ந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று ஒரு நொடியில் தெரிய வேண்டும். கடைசியாக, இரு பக்க எடையும் சமமா என்று பார்க்க மூக்கிலும் வாலிலும் நூல் கட்டித் தொங்கவிட்டோம். சைலன்சர் நீட்டிக்கொண்டிருந்த பக்கம் சாய்ந்தது. எதிர் இறக்கை நுனியில் ஒரு சிறு ஆணி செருகியதும் மட்டமானது. தராசில் 910 கிராம். அந்தப் பத்து கிராமுக்காக மாமா சக்கரங்களைப் பார்த்தார், நான் விடவில்லை.

கோயம்புத்தூரில் சின்ன விமானம் ஓட்டுகிறவருக்குப் பாலக்காட்டுக் கணவாய் ஒரு நிரந்தர எதிரி. மலைத்தொடரில் உள்ள அந்த இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வரும். வைகாசி முதல் ஆவணி வரை மைதானத்தில் நிற்பதே வீண். அம்மியே பறக்கும் ஆடியில் 900 கிராம் விமானம் எந்த மூலைக்கு? ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் ஓடுபாதையாக்கும் குளங்களில் தண்ணீர். மாசி, பங்குனிக் காலையில்தான் குளம் வற்றி, காற்றும் அடங்கி, வெடித்த வண்டல் தரையில் ஓடுபாதை கிடைக்கும். ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். அப்போது எங்கள் ரேடியோக்கள் 72 மெகாஹெர்ட்ஸ். அவற்றில் ஒரே சேனலில் இருவர் ஸ்விட்ச் போட்டால் ஒருவருடைய விமானம் விழும். அதனால் சேனல் எண் எழுதிய துணிக் கிளிப் ஒன்று பலகையில் இருக்கும். அதை எடுத்துத் தன் ஆன்டெனாவில் மாட்டியவர் மட்டுமே ஸ்விட்சைத் தொடலாம். இந்த ஒழுங்கில் மூத்தவர், இளையவர் பேதம் கிடையாது அன்று.

என்ஜினை, எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வில் சரிசெய்து, விமானத்தை மூக்கு வானம் பார்க்கத் தூக்கிப் பிடிக்க வேண்டும். சத்தம் இறங்கினால் ஊசியைக் கொஞ்சம் திறக்க வேண்டும், இறங்காவிட்டால் பறக்கவிடலாம். அந்த விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிட்ட அன்று இறங்கவில்லை. தரையை விட்டதும் எனக்கு வியப்பாக இருந்தது அதன் மௌனம்தான். என்ஜின் சத்தத்தைச் சொல்லவில்லை. நான் ஒன்றும் செய்யாதபோது அதுவும் ஒன்றும் செய்யவில்லை. பழகுவிமானத்தில் எப்போதும் ஏதோ ஒரு விவாதம் நடந்துகொண்டே இருக்கும்.

லூப். முழு த்ராட்டில், எலிவேட்டரை மெல்ல இழுத்து, உச்சி தாண்டியதும் த்ராட்டிலைக் குறைத்து இறங்க வேண்டும். எடை குறைந்த விமானத்துக்கு உந்தம் இல்லை. இழுப்பதில் அவசரப்பட்டால் உச்சியில் நின்றுவிடும். 1913-இல் கீவ் நகரின் மேல் உலகின் முதல் லூப்பை அடித்த ருஷ்ய விமானி நெஸ்தெரோவைத் தரையிறங்கியதும் அரசுச் சொத்துக்கு ஆபத்து விளைவித்ததற்காகக் காவலில் வைத்தார்கள். பிறகு பதவி உயர்வும் கொடுத்தார்கள். என் லூப் எந்தப் பக்கமும் திருகாமல், நுழைந்த இடத்திலேயே வெளியே வந்தது. அந்த அரை மில்லிமீட்டர் ஞாபகம் வந்தது.

பிறகு பாதி ரோல் போட்டு, கவிழ்த்து நிறுத்தினேன். கவிழ்ந்தால் எலிவேட்டர் மாறிவிடும்; மூக்கைத் தூக்க வேண்டுமானால் குச்சியைத் தள்ள வேண்டும். ரட்டரும் மாறிவிடும், அய்லரான் மாறாது. விரல்களுக்கு இது பழக மாதக்கணக்கு ஆகும். பழகும்வரை உயரத்தில் இருப்பதே நல்லது. குச்சியை மயிரளவு தள்ளினால் போதுமாக இருந்தது. கறுப்பு வெள்ளைப் பட்டையைக் காட்டிக்கொண்டு குளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை அப்படியே போனது.

அன்று மாமாவும் வந்திருந்தார். இறக்கியதும் எல்லாரும் கைகொடுத்தார்கள். அவர் மட்டும் என்ஜினுக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“தலகீழாப் போறப்ப டேங்குல எண்ணெ மேல போயிருமில்ல. இது எப்படி நிக்காம ஓடுச்சு?”

டேங்கைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே குழாய் கெட்டியாக இருக்காது. வளைகிற சிலிக்கோன் குழாய், அதன் முனையில் துளை போட்ட ஒரு பித்தளைக் குண்டு. எண்ணெய் எந்தப் பக்கம் ஓடுகிறதோ குண்டும் அந்தப் பக்கம் விழும். கிளங்க் என்போம். கவிழ்த்தால் இரண்டும் சேர்ந்தே கவிழும். டேங்கைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். குண்டை வெளியே எடுத்து நகத்தால் துளையின் ஓரத்தைத் தடவினார். பிசிறு எடுக்காமல் அறுத்திருக்கிறான், குழாயைக் கிழித்துவிடும் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சட்டைப் பையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். பழைய பித்தளை புஷ்ஷிலிருந்து கடைந்த கிளங்க்குகள். வாய் உருட்டி, குழாய் நழுவாமல் இருக்க இடுப்பில் காடி வெட்டி. ஆளுக்கு ஒன்று கொடுத்தார். காசு எவ்வளவு என்று ஒருவர் கேட்டதற்கு, “பித்தளைக்குக் குடுங்க, லேத்து ஓடுனதுக்கு வேண்டாம்” என்றார். அதன் பிறகு தவறாமல் குளத்துக்கு வந்தார். எங்கள் விமானங்கள் பறப்பதை அவர் அண்ணாந்து பார்த்ததாக நினைவில்லை. இறங்கியதும் ஒவ்வொருவரிடமும் போய், “டேங்கக் கொஞ்சம் கழட்டுங்க தம்பி, பாத்துக்கறேன்” என்பார்.